உடற் கடிகாரத்தின் இராக் காவலர்கள்

சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் என்று ஓர் ஊர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. பாஞ்சாங் என்றால் நீளமானது. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து 170-ஆம் எண் பேருந்தில் உட்லண்ட்ஸ் சாலை வழியாகப் போகிறவர்கள் இந்த ஊர்ப் பக்கத்தைத் தாண்டித்தான் புக்கிட் தீமா சாலையைப் பிடிக்கிறார்கள். கடைசியில் பேருந்து குவீன் ஸ்திரீட்டில் போய் நிற்கும். அங்கிருந்து தேக்கா நடந்து போகிற தூரம்தான்.

இன்று புக்கிட் பாஞ்சாங்கில் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். 1999 முதல் தலைக்கு மேலே சிறிய ரயில் ஓடுகிறது. 2015 முதல் பூமிக்கு அடியிலும் ரயில் ஓடுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ரப்பரும் அன்னாசியும் பயிராகின. நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிமார் பார்த்த அதே வேலையை அங்கேயும் மனிதர்கள் பார்த்தார்கள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியோடு நிரைக்குப் போனார்கள்.

ஏன் விடியுமுன் போக வேண்டும்? இது நம் பிள்ளைகளுக்கே தெரிந்த செய்திதான். இரவு முழுவதும் மரம் வேரால் நீரை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையில். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகப் போய்விடும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். மரத்துக்கு இப்படி ஒரு நேரம் இருந்ததால், அந்த நேரத்துக்கு மனிதனும் கட்டுப்பட வேண்டியதாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே பெரியவர்கள் பலருக்குத் தாமாகக் கண் விழித்துவிடும். விடுமுறை நாளன்று படுத்துக் கிடக்கலாம் என்றாலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்து நிற்கும். யார் எழுப்பியது? சேவலா? சேவல் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் இது நடக்கிறதே! இந்தக் கேள்விக்கான விடையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அந்த விடையின் ஒரு பகுதி மிகவும் புதியது. 2017-க்குப் பிறகே தெளிவாகத் தெரிய வந்தது.

முதலில் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நாம் பெரிய நியாயவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மனிதன் நினைத்தபோதெல்லாம் அதன் முள்ளைத் திருப்பியிருக்கிறான். சிங்கப்பூரையும் மலாயாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1905-இல் ஒரு பொது நேரத்தை வைத்தார்கள். 1933-இல் அதை 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941-இல் இன்னும் 10 நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டதும் தோக்கியோ நேரம் வந்தது. ஒரே வீச்சில் ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. 1945 செப்டம்பரில் பழைய நேரம் திரும்பியது. பிறகு தீபகற்ப மலேசியாவுக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசியா முடிவு செய்தது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. 31-12-1981 அன்று இரவு 11.30 ஆனபோது அதையே நள்ளிரவு 12 என்று வைத்துக்கொண்டு புத்தாண்டு பிறந்தது. அரை மணி நேரம் காணாமலே போயிற்று!

அதனால்தான் இன்று புக்கிட் பாஞ்சாங்கில் சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதிக்கிறது. உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை, 1 மணியை ஒட்டி வருகிறது. கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை. இலைகளும் மாறவில்லை.

இலை என்றதும் ஒரு மரம் நினைவுக்கு வருகிறது. சாலை ஓரங்களில் குடை விரித்தாற்போல் நிற்குமே, தூங்குமூஞ்சி மரம். 1876-இல் இது சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. மாலையானால் இலைகளை மடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து மலாய்க்காரர்கள் இதற்கு 'பூக்குல் லீமா' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து மணி மரம் என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஒரு மரத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். 1982-இல் அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது இந்த மரத்துக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அது தன் நேரத்துக்கே தூங்கிற்று.

வெளிச்சம் குறைவதைக் கண்டு இலை மடங்குகிறது, இதில் என்ன விந்தை என்று நீங்கள் கேட்கலாம். 1729-இல் பிரான்சு நாட்டில் தே மெரான் என்ற வானியல் அறிஞருக்கும் இதே ஐயம் எழுந்தது. அவர் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டறையில் வைத்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அது காலையில் இலையை விரித்தது, மாலையில் மடித்தது. 1970-களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் என்ற பெண் விஞ்ஞானி நம் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகளையே எடுத்து ஆராய்ந்தார். இலைக்காம்பின் அடியில் சற்றுப் பருத்திருக்கும் பகுதியில் உப்புச் சத்தும் நீரும் முறை வைத்து இடம் மாறுகின்றன. அதனால்தான் இலை விரிந்து மடங்குகிறது. இருட்டிலும் அந்த முறை நிற்பதில்லை. ஆக, நேரம் அதன் உள்ளே இருக்கிறது. வெளிச்சம் செய்வது அந்த உள் நேரத்தைத் தினமும் திருத்திக் கொடுப்பது.

நம் உடம்பிலும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. இரண்டு கண்களிலிருந்து வரும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்தச் சந்திக்குச் சற்று மேலே, இடத்திலும் வலத்திலும் ஒவ்வொன்றாக, மிகச் சிறிய இரண்டு நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. எலியின் மூளையில் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்பணுக்கள். மூளையிலுள்ள கோடிக்கணக்கான அணுக்களோடு ஒப்பிட்டால் இது ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு லயன் வீடு போல. ஆனால் எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடம்புச் சூடு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் தலைமைக் கட்டளை அங்கிருந்துதான் போகிறது. எலியிடமிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டால், அது பகல் இரவு என்ற முறையே இல்லாமல் கண்ட நேரத்தில் ஓடும், கண்ட நேரத்தில் தூங்கும்.

அணுவுக்குள் கடிகாரம் எப்படி ஓடுகிறது? சக்கரமா, வில்லா? இரண்டும் இல்லை. பால் வெட்டுகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மரத்தைச் சீவியதும் பால் கோட்டின் வழியே ஓடி மங்கில் விழுகிறது. சற்று நேரத்தில் அந்தப் பாலே கோட்டில் உறைந்து தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மறுமுறை வெட்ட வருகிறவர் உறைந்ததை உரித்தெடுத்துச் சீவினால் மீண்டும் பால் ஓடும். கடிகார அணுவிலும் ஒரு மரபணு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் சேரச் சேர, தன்னைச் செய்த மரபணுவையே அடைத்து நிறுத்துகிறது. பிறகு சிறிது சிறிதாக அந்தப் புரதம் சிதைந்து போகிறது, அடைப்பு நீங்குகிறது, வேலை மறுபடியும் தொடங்குகிறது. இங்கே உரித்தெடுக்க ஆள் வேண்டியதில்லை என்பதுதான் வேற்றுமை. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. இதைப் பழ ஈக்களிடம் கண்டறிந்து விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சூடு கூடினால் எந்த இரசாயன வேலையும் விரைவாக நடக்கும். அப்படியானால் காய்ச்சல் வந்தவனுடைய கடிகாரம் வேகமாக ஓட வேண்டும் அல்லவா? ஓடுவதில்லை. அந்தப் புரதம் எவ்வளவு விரைவில் சிதைவது என்பதை முடிவு செய்யும் ஒரு சிறிய 'சுவிட்சு' சூட்டுக்கு ஈடு கட்டிக் கடிகாரத்தைச் சீராக வைக்கிறது என்று 2015-இல் எழுதியவர்களுள் சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் டேவிட் விர்ஷப் குழுவினரும் அடங்குவர். பாலத்துக்கு அந்தப் பக்கம், நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஆராய்ச்சி இது.

ஓர் அணுவுக்குள் நேரம் ஓடுவது சரி. ஆயிரமாயிரம் அணுக்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமே? ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஓடினால் கடிகாரக் கடையில் நிற்பது போலத்தான் இருக்கும். கூட்டம் எப்படி நேரத்தைக் காக்கிறது என்பதற்கு மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அருமையான சான்று உண்டு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன் என்றொருவர் இருந்தார். உயிர்க் கடிகார ஆராய்ச்சியில் உலகம் அறிந்தவர், 2009-இல் காலமானார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள குன்றுகளில் குகைகள் உண்டு, குகைகளில் வௌவால்கள் உண்டு. அவரும் அவருடைய மாணவர் மாரிமுத்து முதலியோரும் 1970-களின் இறுதியிலும் 1981-இலும் எழுதிய கட்டுரைகளில் ஒரு விந்தையைச் சொன்னார்கள். குகையின் உட்பகுதியில் எப்போதும் கும்மிருட்டு. இரவென்றும் பகலென்றும் தெரியாது. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் சுதந்திரமாகத் தொங்கின. மாலையில் அவை இரை தேடிக் கிளம்பின; விடியுமுன் திரும்பின. கூண்டில் இருந்த வௌவால் சூரியனைப் பார்க்காமலே அதே நேரத்துக்கு விழித்தது, அதே நேரத்துக்கு ஓய்ந்தது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிக்கொண்டே போயிற்று. அக்கம் பக்கத்தாரின் போக்குவரத்தே அதற்கு மணியாக இருந்திருக்கிறது!

மனிதர்களையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. கடிகாரமும் சன்னலும் இல்லாத தனியறை ஒன்றை அதே பல்கலைக்கழகத்தில் அமைத்து, மனம் ஒப்பி வந்தவர்களை அதில் நாள்கணக்காகத் தங்க வைத்தார்கள். அப்படித் தங்கிய ஒருவருடைய 'ஒரு நாள்' சில சமயம் ஏறத்தாழ 48 மணி நேரமாகக்கூட நீண்டிருக்கிறது. விழித்துத் தூங்கி எழுந்தவருக்கு ஒரு நாள். வெளியே இரண்டு நாள்.

இனி நம் தலைப்புக்கு வருவோம்.

மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. அவற்றைச் சுற்றி வேறு வகை அணுக்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் துணையணுக்கள் என்று சொல்லுவோம். 1850-களில் ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ இவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'பசை' என்று பொருள். நரம்புகளை ஒட்டிப் பிடித்து வைக்கும் பசை, அவ்வளவுதான் என்று அவர் எண்ணினார். அவருக்குப் பின் வந்தவர்களும் நெடுங்காலம் அப்படியே எண்ணினார்கள். நரம்பணு மின் துடிப்பை அனுப்புகிறது, அதை அளக்க முடிகிறது. துணையணு அப்படித் துடிப்பதில்லை. ஆகவே அதற்குத் தனி வேலை ஒன்றும் இல்லை, சோறு போடுவதும் குப்பை அள்ளுவதும்தான் வேலை என்று முடிவு கட்டினார்கள். சோறு போடுவதையும் குப்பை அள்ளுவதையும் சின்ன வேலை என்று நினைப்பது விஞ்ஞானிகளிடமும் உள்ள பழக்கம்தான் போலிருக்கிறது.

துணையணுக்களில் ஒரு வகை நட்சத்திரம் போலப் பல கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். நட்சத்திர அணு என்று அதை அழைப்போம். ஒரு கை இரத்தக் குழாயைத் தொட்டிருக்கும். மற்றக் கைகள் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சந்துகளைத் தழுவியிருக்கும். 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இந்த நட்சத்திர அணுக்களைத் தனியே வளர்த்துப் பார்த்து, இவற்றுக்குள்ளும் கடிகாரம் ஓடுகிறது என்று கண்டார்கள். சரி, ஓடட்டும், ஈரலிலும் தோலிலும்கூடத்தான் சிறு கடிகாரங்கள் ஓடுகின்றன. தலைமைக் கடிகாரத்தை நடத்துவதில் இவற்றுக்குப் பங்கு உண்டா? அதற்கு 2017-இல் இரண்டு இடங்களிலிருந்து விடை வந்தது. ஒன்று அதே செயின்ட் லூயிஸ். மற்றொன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடம். அங்கே மார்க்கோ பிராங்காச்சியோ, மைக்கேல் ஹேஸ்டிங்ஸ் என்பவர்கள் பணியாற்றினார்கள்.

அவர்கள் செய்த முறை கேட்க வேடிக்கையானது. மின்மினிப் பூச்சியின் வாலில் ஒளி உண்டாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதற்கான மரபணுவைக் கடிகார மரபணுவோடு பிணைத்துவிட்டால், கடிகாரம் வேலை செய்யும்போது அணு மங்கலாக ஒளிரும், ஓயும்போது ஒளி குறையும். எலியின் மூளையிலிருந்து கடிகாரப் பகுதியை மெல்லிய சீவலாக எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் அது பல வாரங்கள் உயிரோடிருந்து, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒளிர்ந்து மங்கும். தலையும் இல்லை, கண்ணும் இல்லை. தட்டில் கிடந்தபடியே அது பகலையும் இரவையும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

அதில் நரம்பணுக்களையும் நட்சத்திர அணுக்களையும் வெவ்வேறு அடையாளம் கொடுத்துத் தனித்தனியே கவனித்தார்கள். நரம்பணுக்கள் பகலில் சுறுசுறுப்பாக இருந்தன, இரவில் ஓய்ந்தன. நட்சத்திர அணுக்களோ நேர் எதிராக, இரவில் சுறுசுறுப்பாயின. ஆலையில் பகல் முறை ஆட்கள் வீட்டுக்குப் போனதும் இரவு முறை ஆட்கள் உள்ளே வருவது போல!

இரவு முறைக்காரர்கள் உள்ளே வந்து என்ன செய்கிறார்கள்? குளூட்டமேட் என்ற பொருளை அணுக்களுக்கு இடையிலுள்ள இடத்தில் சேர விடுகிறார்கள். அது நரம்பணுக்களின் மேல் உள்ள ஒரு வகை வாயிலைத் தட்டுகிறது. தட்டியதும் அந்த நரம்பணுக்கள் காபா என்ற வேறொரு பொருளைக் கூடுதலாக வெளியிடுகின்றன. காபா என்பது அடக்கும் பொருள். அதனால் கடிகாரப் பகுதியின் நரம்பணுக்கள் இரவு முழுவதும் அடங்கியிருக்கின்றன. பொழுது விடியும் நேரத்தில் நட்சத்திர அணுக்கள் அந்தக் குளூட்டமேட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அடக்குமுறை தளர்கிறது, பகல் வேலை தொடங்குகிறது. இராக் காவலர் சங்கிலியைப் போட்டுவிட்டு விளக்கோடு சுற்றி வந்து, விடிந்ததும் கதவைத் திறந்து விடுகிற கதைதான். எலி இரவில் ஓடித் திரிகிற பிராணி. நாம் பகலில் வேலை செய்கிறவர்கள். ஆனாலும் இந்தக் கடிகாரப் பகுதியின் நரம்பணுக்கள் இரண்டிலும் பகலில்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

செயின்ட் லூயிஸில் வேறொரு வழியில் கேட்டுப் பார்த்தார்கள். கடிகாரத்துக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை நட்சத்திர அணுக்களில் மட்டும் நீக்கினார்கள். நரம்பணுக்களைத் தொடவே இல்லை. எலி ஓடுகிற சக்கரத்தைக் கவனித்தபோது அதன் நாள் நீண்டுவிட்டது தெரிந்தது. வெறும் பசை என்றால் இப்படி நடக்குமா?

2019-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிறவியிலேயே கடிகாரம் ஓடாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். இருட்டில் விட்டால் அவற்றுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அவற்றில் இல்லாமற்போன கடிகார மரபணுவை, கடிகாரப் பகுதியின் நட்சத்திர அணுக்களுக்குள் மட்டும் செலுத்தினார்கள். நரம்பணுக்களின் சொந்தக் கடிகாரம் ஓடாமலே இருந்தது. சில நாள் கழித்து அந்த எலிகள் முறையாக ஓடவும் முறையாக ஓயவும் தொடங்கின. துணைக்கு வந்தவர்களே எசமான்களுக்கு நேரம் சொல்லிக் கொடுத்து வேலை வாங்கினார்கள்! மரபணுவை நரம்பணுக்களில் வைத்தால் ஒழுங்கு விரைவில் வருகிறது, நட்சத்திர அணுக்களில் வைத்தால் வரச் சற்றுத் தாமதமாகிறது. ஆனால் வருகிறது. நூற்றைம்பது ஆண்டு பசை என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இது போதாதா?

இவையெல்லாம் எலியிலும் மூளைச் சீவலிலும் கண்டவை. நம் மண்டையைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. நட்சத்திர அணுக்களைத் தட்டி எழுப்பும் மாத்திரை, தைலம் என்று எவராவது தோட்டத்துக்குள் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு மருந்து இல்லை. அப்படியானால் இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

ஜொகூர்த் தோட்டப் பள்ளிகளில் நாங்கள் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் பலர் இன்று பால் மரத்துக்கும் செம்பனைக்கும் போவதில்லை. பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காலை முறைக்குப் போகிற பிள்ளை 3 மணிக்கு எழுந்திருக்கிறது. அதற்கு முன்பே எழுந்து சோறு கட்டுகிறவள் தாய். இரவு முறைக்குப் போனவன் காலை 9 மணிக்கு, வெயில் முகத்தில் அறைய, வீடு வந்து சேருகிறான். பகல் முழுவதும் படுத்தபடி புரள்கிறான். "ஊரே வேலை செய்யும்போது இவனுக்கு என்னடா தூக்கம்" என்று பெரியவர்கள் வாய் விடுகிறார்கள். அவன் மாலையில் எழுந்து எரிந்து விழுகிறான். வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை.

அவனுடைய மூளையில் என்ன நடக்கிறது என்பதை இப்போது நாம் பார்க்கலாம். அவன் ஆலைக்கு மாற்றிக்கொண்டது கையையும் காலையும் மட்டுமே. தலைக்குள் பகல் முறையும் இரவு முறையும் அப்படியே இருக்கின்றன. அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடம்புச் சூடு மிகவும் தாழ்ந்து, கண் தானாகச் செருகும். வீட்டுக்கு வந்து படுக்கும்போதோ உடற் கடிகாரம் "எழுந்திரு, பகல் வந்துவிட்டது" என்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. ஆண்டுக்கணக்கில் இரவு முறை வேலை செய்கிறவர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாக வருவதைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் 2007-இலும் 2019-இலும் இரவு முறை வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவும் நமக்கு வாய் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள்.

செய்யக் கூடியது இவ்வளவு. உடற் கடிகாரத்தைத் திருப்புகிற முதல் கை, வெளிச்சம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் பகலென்று உறுதிப்படுத்திக்கொள்ளும். ஆகவே தொடர்ந்து பல நாள் இரவு முறை பார்க்கிறவர்கள் பேருந்தில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது ஆகாது. கண் சொருகிப் போகும். அவர்கள் கிளம்புமுன் ஆலையிலேயே இருபது நிமிடம் தலை சாய்த்துவிட்டு வண்டியை எடுக்கட்டும். வீட்டில் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் மகன் இருபது நிமிடம் தாமதமாக வந்தால் திட்டாதீர்கள். பாலத்தில் அந்த நேரத்து நெரிசலை நினைத்தால் அந்த இருபது நிமிடம் எவ்வளவு பெரிதென்று விளங்கும்.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறிப் போகிறவர்களின் பாடு இன்னும் கடினம். கடிகாரம் ஒரே நாளில் திரும்புவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும். எட்டு மணி நேரம் திருப்ப ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் முறை மாறிவிடும். முறையைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு இருந்தால் காலை, மாலை, இரவு என்ற வரிசையைக் கேளுங்கள். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிப் போவதை உடம்பு அவ்வளவாக ஏற்பதில்லை. நம்முடைய உள் நாள் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அதனால் தள்ளிப் படுப்பது எளிது, முந்திப் படுப்பது கடினம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வாலிப வயது நெருங்கும்போது கடிகாரம் இன்னும் பின்தள்ளிப் போகிறது. சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30-லிருந்து 8.15-க்கு மாற்றியது. மாணவிகள் கூடுதலாகத் தூங்கினார்கள், பகலில் தூங்கி வழிவதும் குறைந்தது என்று உடன் இருந்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பள்ளி மணியை மாற்றுவது ஆசிரியர்களாகிய எங்கள் கையில் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் பிள்ளையின் முகத்தில் கைப்பேசி வெளிச்சம் அடிக்காமல் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, பகலில் தூங்குகிறவரின் அறை. தகரக் கூரை வீட்டில் நண்பகல் சூடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வீட்டில் குளிர்ச்சியான பக்கத்து அறையை அவருக்கு விடுங்கள். சன்னலுக்குக் கறுப்புத் துணியோ பழைய கம்பளியோ கட்டுங்கள். துவாரத்தில் வரும் வெளிச்சம்கூட வேண்டாம். எழுந்ததும் ஒரே நேரத்தில் சாப்பிட வையுங்கள், ஈரலிலுள்ள சிறு கடிகாரங்கள் சாப்பாட்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன. இரவு முறையின் பிற்பாதியில் காப்பி குடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வானொலியைச் சற்று மெதுவாக வையுங்கள், இந்தப் பேச்சாக இருந்தாலும் சரி. சின்னப் பிள்ளைகளின் பந்தாட்டம் மாலை 4 மணிவரை கோயில் பக்கத்துத் திடலில் நடக்கட்டும்.